பதினேழாம் மெஷினில் வந்த பெயர்

முதல் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு இரண்டாவதற்கு நகரும்போதே செண்பகவல்லிக்குப் பல் நறநறவென்று கடிபட்டது. நிறுத்துவதாம், எல்லாவற்றையும் நிறுத்துவதாம், அதுவும் சீக்கிரமாக நிறுத்துவதாம். இந்த லேபில் முப்பத்தாறு மெஷின் இருக்கிறது, பதினாறு வருஷமாக லேப் அசிஸ்டென்ட் என்று ஒருத்தி இருக்கிறாள், தினமும் சாயங்காலம் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரைக்கும் வரிசையாக நிறுத்தி, நாற்காலியை உள்ளே தள்ளி, பூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான், அவளுக்குப் போய் வாசலில் நின்று பாடம் சொல்லிவிட்டுப் போகிறார், "எல்லாத்தையும் சட்டுன்னு ஆஃப் பண்ணும்மா, அந்தப் பதினேழையும் சேத்து" என்று. அந்தப் பதினேழையும் சேர்த்து என்று சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். டாக்டர் தனுஷ்கோடி, கம்ப்யூட்டர் டிபார்ட்மென்டின் தலைவர், கோவில்பட்டியிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிப் பொட்டல் காட்டில் நிற்கிற இந்தக் காலேஜில் பிரின்சிபாலுக்கு அடுத்தபடி சத்தமாகப் பேசுகிற மனுஷன், அவர் குரல் தாழ்கிறதென்றால் காரணம் இல்லாமலா தாழும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால், முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு பிராக்டிகல் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, வெளிக் காலேஜிலிருந்து வந்த எக்ஸாமினர் பதினேழாம் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றார். உட்கார்ந்திருந்தவள் அங்காள ஈஸ்வரி. திரையில் வந்திருந்த பெயர் லிங்கதுரை. யாரும் யாரிடமும் காப்பி அடிக்கக்கூடாது என்பதற்காக இந்த லேபில் ஒரு வழக்கம், யார் புரோகிராம் எழுதினாலும் அது ஓடும்போது முதலில் எழுதினவர் பெயரையும் பதிவெண்ணையும் காட்டிவிட்டுத்தான் விடையைக் காட்ட வேண்டும். காலை பேட்ச்சில் அதே மெஷினில் உட்கார்ந்த பையனின் பெயரும் நம்பரும் மத்தியானம் இவள் திரையில் வந்து நின்றால் என்ன சொல்வார்கள். காப்பி என்றார்கள். மால்பிராக்டிஸ் என்றார்கள். ஃபாரம் கொண்டு வா என்றார்கள். மூன்றாவது மெஷின் நின்றது. நாற்காலியைத் தள்ளினாள்.

அந்தப் பிள்ளை கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்திருந்தது. அப்பா வரும்வரை இங்கேயே இரு, எங்கேயும் போகக்கூடாது என்று உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துப்பட்டா முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள், அழக்கூட இல்லை. அழுதாலாவது பார்க்க முடியும். நாலாவது மெஷினில் திரை அணைவதற்குள் அந்த வரி ஒரு தடவை கண்ணில் பட்டது. எந்த மெஷினில் எந்தப் பிள்ளை எதை ஓட்டினாலும், அவர்கள் பெயருக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, தலையாய வரியாக வருகிற வரி: உருவாக்கியவர் டாக்டர் தனுஷ்கோடி, எம்.இ., பிஎச்.டி. நாலில் அணைத்தால் ஐந்தில் நிற்கும். ஐந்தில் அணைத்தால் ஆறில் நிற்கும். இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறாள், ஒரு நாளாவது பழகியிருக்க வேண்டுமே, பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் அதே எரிச்சல்தான். உருவாக்கியவராம். எதை உருவாக்கினார் என்று அவரையே உட்காரவைத்துக் கேட்டால் என்ன சொல்வார். உள்ளே எத்தனை வரி என்று கேட்டால் தெரியுமா. அறுபத்திரண்டு வரி. அதில் அறுபத்தோரு வரி செண்பகவல்லி எழுதியது. மிச்சம் ஒரு வரி அவர் பெயரைக் காட்டுகிற வரி.

அவள் அதை எழுதியதற்குக் காரணமே வெறுத்துப்போனதுதான். இந்தப் பிள்ளைகள் புரோகிராம் எழுதினால் உடனே அது ஓடாது, முதலில் அதை கம்பைல் செய்ய வேண்டும், அதாவது மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும், மாற்றி வருகிற ஃபைலைத்தான் அப்புறம் ஓட்ட வேண்டும். இரண்டு வேலை, இரண்டு கட்டளை. இரண்டையும் ஒழுங்காகத் தட்டினால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துகிற சந்தோஷத்தில் முதல் வேலையை மறந்துவிடுவார்கள். திருத்திய கையோடு நேரே ஓட்டுவார்கள். ஓடுவது என்னவோ திருத்துவதற்கு முன்னால் மாற்றிவைத்த பழையதுதான், வருவதும் பழைய தப்பு விடைதான். மேம், திருத்திட்டேன் மேம், அப்பவும் அதேதான் வருது மேம் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்கும். பதினாலு வருஷம், வருஷத்துக்கு இருநூறு பிள்ளைகள், அத்தனை பேரும் அதே தப்பு, அதே அழுகை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் சில பேர் தங்களுக்கு மூளையே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு லேபுக்கு வருவதையே நிறுத்திவிடும். பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் ஒரு மே மாத லீவில் உட்கார்ந்து எழுதினாள். ஒரே கட்டளை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, போ என்று தட்டி, பக்கத்தில் ஃபைல் பெயரைத் தட்டினால், தானே மாற்றி, தானே ஓட்டி, விடையைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஜூனில் பிள்ளைகள் வந்தார்கள், தட்டினார்கள், அழுகை நின்றுபோயிற்று. போ போட்டியாடி, போட்டுட்டேண்டி என்று அவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சாகிவிட்டது. டிப்ளமோ படித்தவள் எழுதியது. யாரும் கேட்காமல் எழுதியது. ஏழு, எட்டு, ஒன்பது.

அப்புறம் கமிட்டி வந்தது. காலேஜுக்கு கிரேடு போடுகிற கமிட்டி. டிபார்ட்மென்ட் சொந்தமாக என்ன செய்திருக்கிறது என்று கேட்பார்கள், காட்ட ஒன்றும் இல்லை, அப்போதுதான் தனுஷ்கோடி சாருக்கு போ ஞாபகம் வந்தது. ஏம்மா அந்த இதை எப்படித் திறக்கிறது என்று ஒரு நாள் வந்து கேட்டார். திறந்து காட்டினாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அந்த வரி. ஏதோ தற்காலிகமாக வைத்திருக்கிறார், கமிட்டி போனதும் எடுத்துவிடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கமிட்டிக்காரர்கள் கை குலுக்கினார்கள். ரிப்போர்ட்டில் ஒரு பாரா போட்டார்கள். அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள்? டீ டம்ளரை எண்ணிக்கொண்டு ஹாலுக்குப் பின்னால் நின்றாள். அப்போதே கேட்டிருக்க வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாள். கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவள் புருஷன் வேலை பார்த்த அச்சாபீஸ் மூடிய வருஷம் அது. கேட்கவில்லை. அந்த வரி நின்றுவிட்டது. எத்தனை ராத்திரி படுத்துக்கொண்டு மனசுக்குள் சார் வாயாலேயே சொல்லவைத்துப் பார்த்திருக்கிறாள், எழுதினது நான் இல்லை, செண்பகவல்லிதான் என்று, அதுவும் நாலு பேர் முன்னால். அந்த நாலு பேர் யார் யார் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். வெட்கக்கேடு. பத்து. பதினொன்று.

பன்னிரண்டில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். குடி பாப்பா என்றாள். அங்காள ஈஸ்வரி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. அவள் விளாத்திகுளம் பக்கம், அப்பா மிளகாய்ச் சரக்கு ஏற்றி இறக்குகிற இடத்தில் வேலை, வீட்டில் காலேஜுக்கு வந்த முதல் ஆள், இதெல்லாம் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரும்போது அவளாகச் சொன்னது. செண்பகவல்லி மெல்லக் கேட்டாள், என்ன நடந்தது என்று. அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: அவளுக்குச் சீட்டில் வந்த கேள்வி பத்துப் பெயர்களை வாங்கி வரிசைப்படுத்துவது, எழுதினாள், போ போட்டாள், யாரோ லிங்கதுரை என்று வந்தது, கீழே ஏதோ எண்களாக வந்தது, பயந்துபோய்த் தன் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறோமா என்று பார்த்தாள், சரியாக இருந்தது, திரும்பப் போட்டாள், திரும்பவும் லிங்கதுரை, ஏழெட்டுத் தடவை போட்டாள். கையைத் தூக்கிச் சொல்லலாம் என்று நினைத்தபோது எக்ஸாமினர் பின்னால் வந்து நின்றுவிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"எச்.ஓ.டி. சார், அந்தப் பையனுக்கும் உனக்கும் என்னன்னு கேட்டாரு மேம். நான் அவனப் பாத்ததுகூட இல்ல. எங்க அப்பாகிட்டயும் இப்படிக் கேப்பாங்களா? கேட்டா நாளைலேருந்து என்னய அனுப்பமாட்டாரு மேம்."

செண்பகவல்லிக்கு உச்சந்தலை வரைக்கும் சுள்ளென்று ஏறியது. என்ன கேள்வி இது, என்ன கேள்வி. பதினெட்டு வயசுப் பிள்ளையைப் பார்த்து, திரையில் ஒரு பையன் பெயர் வந்ததற்கு, இதுவா கேள்வி. அவள் எழுதிய நாற்பது வரி பக்கத்து ஜன்னலிலேயே திறந்து கிடந்தது, அதில் அவள் பெயர் இருந்தது, அவள் கேள்விக்கான விடை இருந்தது, டாக்டர் பட்டம் வாங்கிய இரண்டு மனுஷர்கள் குனிந்து அந்த நாற்பது வரியைப் படிக்கவில்லை. படிக்கத் தோன்றவில்லை. பையன் பெயர் என்றதும் புத்தி எங்கே போயிற்று பார். அந்தப் பையன் காலையில் எழுதிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான், அவனை யாரும் கூப்பிட்டு மூலையில் உட்காரவைக்கவில்லை. அப்பாவுக்கு ஃபோன் போட்டுவிட்டார்கள், உங்கள் மகள் விஷயமாக நேரில் வாங்க என்று. அந்த மனுஷன் இந்நேரம் எட்டயபுரம் தாண்டியிருப்பார், பஸ்ஸில் வழி நெடுக என்னென்ன நினைத்துக்கொண்டு வருவாரோ. வந்ததும் அந்த ரூமில் உட்காரவைத்து இதையே அவரிடமும் கேட்டுவிட்டால், அதற்கப்புறம் பரீட்சை எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன. கேஸ் போடாமல் விட்டால்கூட, அந்தக் கேள்வி வீட்டுக்குப் போய்விடும். அடுத்த ஐப்பசிக்குள் எவனையாவது பார்த்துக் கட்டிவைத்துவிடுவார்கள். பதின்மூன்று, பதினான்கு என்று அவள் நிறுத்தவே இல்லை, நேரே பதினேழுக்குப் போனாள்.

போகும்போதே ஒரு கொடூரமான சந்தோஷம் உள்ளே கிளம்பியது, அதை அவள் மறைக்கப் பார்க்கவில்லை. அவர்தான் கெடுத்திருக்கிறார், வேறு யார். அந்த ஒரு வரியைச் செருகும்போது எந்த விரல் எந்த எழுத்தில் பட்டதோ, எதை அழித்தாரோ. கைவைத்தவர் அவர், பெயர் போட்டவர் அவர், இப்போது பழியும் அவருடையதுதானே. பிடிக்கட்டும் நியாயம், கண்ணில் விரலை விட்டு ஆட்டட்டும். ஓட்டிப் பார்த்தாள். போ, பக்கத்தில் எக்ஸாம். பரீட்சையில் எல்லோரும் ஃபைலுக்கு எக்ஸாம் என்றுதான் பெயர் வைக்க வேண்டும், பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று அதுவும் சார் போட்ட உத்தரவுதான். உருவாக்கியவர் டாக்டர் தனுஷ்கோடி. கீழே லிங்கதுரை. கீழே இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்கள், அந்தப் பையனின் காலைக் கேள்வி. அறுபத்திரண்டு வரியையும் திறந்தாள். சார் போட்ட வரியைத் தேடிப் போனாள். அது முதலாவதாக, தனியாக, ஒரு பாவமும் அறியாமல் உட்கார்ந்திருந்தது. பெயரைக் காட்டும், அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு எழுத்தும் மாறவில்லை. அவள் எழுதியது அவள் எழுதியபடியே இருந்தது. ஏமாற்றமாக இருந்தது, எங்கேயாவது ஒன்று இருக்க வேண்டுமே என்று மேலும் கீழுமாகப் போனாள். பிறகு அந்தப் பிள்ளையின் ஃபைல் எப்போது எழுதப்பட்டது என்று சும்மா கேட்டுப் பார்த்தாள். மெஷின் சொன்னது: இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று.

ஜனவரி ஒன்று. இந்த மெஷினுக்குள் ஒரு சின்னப் பொத்தான் பேட்டரி இருக்கிறது, கரண்ட் இல்லாதபோது மெஷினுக்குத் தேதியும் மணியும் மறக்காமல் இருப்பதற்கு. ஐந்து, பதினேழு, இருபத்திரண்டு, முப்பத்தொன்று, இந்த நாலிலும் அது செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. மாற்றித் தரச் சொல்லி நாலு தடவை எழுதிக் கொடுத்தாள், நாலு தடவையும் பார்க்கலாம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார் சார். கரண்ட் போய் வந்தால் நாலும் பிறந்த தேதிக்கே போய்விடும், இரண்டாயிரத்து ஒன்பதுக்கு. அதனால் காலையில் வந்ததும் அந்த நாலுக்கும் கையாலேயே தேதி வைப்பது அவள் வேலை. இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் போனது. அப்போது அவள் எங்கே இருந்தாள், எக்ஸாமினருக்கு மீன் வறுவல் வாங்கிக்கொண்டு வர டவுன் வரைக்கும் சார் அனுப்பியிருந்தார், பியூனுக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியாதாம். மூச்சிரைக்க ஓடி வந்து ஐந்துக்கு வைத்தாள், இருபத்திரண்டுக்கு வைத்தாள், முப்பத்தொன்றுக்கு வைத்தாள், பதினேழுக்கு வரும்போது இந்தப் பிள்ளை உட்கார்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டது. ஸ்டாஃப் எல்லாம் நகருங்க என்றார் எக்ஸாமினர். தேதிதானே, தேதியில் என்ன இருக்கிறது என்று நகர்ந்துவிட்டாள். நகர்ந்தவள் அவள்தான். மீன் வாங்க அனுப்பியது வேண்டுமானால் அவர், பேட்டரி வாங்காதது வேண்டுமானால் அவர்.

தேதியில் என்ன இருக்கிறது என்று அவளைத் தவிர வேறு யார் நினைத்திருந்தாலும் மன்னிக்கலாம். முப்பத்தெட்டாவது வரி. அந்த அறுபத்தோரு வரியில் அவள் ரொம்பப் பெருமைப்பட்ட வரி அதுதான். இந்தப் பழைய மெஷின்களில் கம்பைல் செய்ய நேரமாகும், பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும், ஆகவே ஒரு தந்திரம் செய்தாள். ஏற்கெனவே மாற்றிவைத்த ஃபைலின் தேதியையும் பிள்ளை எழுதிய ஃபைலின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். மாற்றிவைத்தது புதிதாக இருந்தால் பிள்ளை அதற்கப்புறம் ஒன்றும் திருத்தவில்லை என்று அர்த்தம், திரும்ப மாற்ற வேண்டாம், இருப்பதையே ஓட்டு. எத்தனை வேகம். எழுதி முடித்த அன்றைக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். காலையில் லிங்கதுரை எழுதி மாற்றியது இன்றைய தேதியில், யார் கண்ணுக்கும் படாத ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. காலை பேட்ச் முடிந்ததும் அவன் எழுதியதை அழித்தாள், மாற்றிவைத்ததை அழிக்க மறந்தாள், அது இருப்பதே அவளுக்கு மட்டும்தான் தெரியும். மத்தியானம் இந்தப் பிள்ளை எழுதியதற்கு மெஷின் போட்ட தேதி இரண்டாயிரத்து ஒன்பது. போ பார்த்தது. மாற்றிவைத்தது புதிது, எழுதியது பழசு, மாற்ற வேண்டியதில்லை, இருப்பதையே ஓட்டு. லிங்கதுரை வந்தான். ஏழெட்டுத் தடவையும் லிங்கதுரையே வந்தான். பழையதை ஓட்டிவிட்டுப் பிள்ளைகள் அழக்கூடாது என்று எழுதினதுதானே இது, அதுவே பழையதை ஓட்டியிருக்கிறது, அதுவும் வேறொருத்தன் பழையதை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, கை எழவில்லை.

மணி நாலு அடித்தது. எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் சார் ரூமில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. யாருக்குத் தெரியும். இந்த முப்பத்தெட்டாவது வரி யாருக்குத் தெரியும். இப்போது அந்தப் பிள்ளை ஃபைலின் தேதியை மட்டும் இன்றைக்கு என்று மாற்றிவிட்டு நிறுத்தினால் போயிற்று, ஒரு கட்டளை, அதற்கப்புறம் எந்தப் பெரிய மனுஷன் வந்து பார்த்தாலும் ஒன்றும் புரியப்போவதில்லை. சார் அதைத்தானே சொல்லிவிட்டுப் போனார், அந்தப் பதினேழையும் சேர்த்து என்று. அவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் அவர் பெயர் போட்டது தப்பாக ஓடியது என்று வெளியே தெரியக்கூடாது என்பது மட்டும் தெரியும், அதற்கு ஒரு பிள்ளை கெட்டுப்போனால் போகட்டும். அவரைத் திட்டுகிறாளே, அவள் என்ன செய்யப்போகிறாள். நான்தான் எழுதினேன் என்று போய் நின்றால் சும்மா விடுவார்களா. பரீட்சை மெஷினில் கைவைத்தவள் என்று ஒரே நாளில் வெளியே அனுப்புவார்கள். டிப்ளமோக்காரிக்கு இந்த வேலை கொடுத்ததே பெரிசு என்பார்கள். இந்த வயசில் எங்கே போய் நிற்பது, புருஷன் முகத்தை எப்படிப் பார்ப்பது, என்ன அநியாயம் இது, பெருமை வரும்போதெல்லாம் அவர் பெயர் இருந்தது, கமிட்டி கை குலுக்கியபோது அவர் பெயர் இருந்தது, இப்போது தப்பு வந்திருக்கும்போது இவள் போய் என் பெயரைப் போடுங்கள் என்று கேட்க வேண்டுமாம். அவரே அனுபவிக்கட்டுமே. அனுபவிக்கமாட்டார், அதுதான். அவர் ஒன்றையும் அனுபவிக்கமாட்டார், எல்லாவற்றையும் அந்த மூலையில் இருப்பவள் அனுபவிப்பாள். செண்பகவல்லியின் விரல் தேதிக் கட்டளையின் முதல் நாலு எழுத்தைத் தட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக வந்தது. ஒவ்வொன்றாக நாலையும் அழித்தாள்.

இங்க வா பாப்பா என்று கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை பயந்துகொண்டே வந்தது. போ வேண்டாம், பழையபடி இரண்டு கட்டளையாகத் தட்டு என்றாள். முதல் கட்டளை, மாற்றுவது. ஒரு தப்பும் காட்டவில்லை. இரண்டாவது கட்டளை, ஓட்டுவது. அங்காள ஈஸ்வரி, கீழே அவள் பதிவெண், கீழே பெயர்களைக் கொடு என்று கேட்டது. பத்துப் பெயரையும் அவளே தட்டினாள், பத்தும் வரிசையாக வந்து நின்றன. அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்தது. அழு, அழுதுட்டு முகத்தக் கழுவு, உங்கப்பா வர்ற நேரம் என்று சொல்லிவிட்டு, மெஷினை நிறுத்தாமல், செண்பகவல்லி சார் ரூமுக்குப் போனாள்.

கதவைத் தட்டினாளா என்பதே அவளுக்கு ஞாபகமில்லை. எக்ஸாமினர் ஃபாரத்தில் பாதி எழுதியிருந்தார். தனுஷ்கோடி சார் ஆஃப் பண்ணியாச்சா என்றார். பதினேழ ஆஃப் பண்ணல சார், நீங்க ரெண்டு பேரும் வந்து பாக்கணும் என்றாள். எதுக்கு என்றார் அவர். அவள் எக்ஸாமினரைப் பார்த்துச் சொன்னாள், ஒரே மூச்சில், பேட்டரியை, மத்தியானக் கரண்டை, நாலு தடவை எழுதிக் கொடுத்ததை, மீன் வறுவலை, முப்பத்தெட்டாவது வரியை, அதை எழுதினது யார் என்பதைத் தவிர ஒன்றையும் விடவில்லை. எக்ஸாமினருக்கு மீனைச் சொன்ன இடத்தில் காது சிவந்தது. எழுந்து வந்தார். பதினேழில் அவளே இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜனவரி ஒன்று என்று இரண்டு தடவை வாசித்தார். கையில் இருந்த ஃபாரத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தப் பிள்ளைக்கு முழு மார்க்தான் போட வேண்டும் என்றார். பிறகு அவர் திரையின் முதல் வரியைப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பினார்.

"இதப் பரீட்சையில ஓட விட்டது யார் சார்? எழுதினது நீங்கதான?"

தனுஷ்கோடி சார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அந்த வேகத்தை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

"இல்ல சார். எழுதினது இவங்கதான், செண்பகவல்லி. முழுக்க முழுக்க இவங்கதான். இதுல எனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல."

இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று ஏங்கிய அதே சொற்கள், ஏறக்குறைய அதே வரிசையில். வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே. கன்னத்தில் ஓங்கி அறைந்தது போலத்தான் இருந்தது. அந்த மனுஷன் கொடுக்கவில்லை, தூக்கி எறிகிறார், கையில் ஒட்டிய அழுக்கைத் துடைக்கிறார். உங்கள் பெயர் போட்ட வரி திரையின் உச்சியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதே சார் என்று கேட்க வாயைத் திறந்தாள். அப்போது லேப் வாசலில் ஒருவர் வந்து நின்றார். சட்டையெல்லாம் மிளகாய் நெடி, பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த வேர்வை, கையில் செருப்பைக் கழற்றிப் பிடித்திருந்தார். மகளைத் தேடின கண் எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கோட்டுப் போட்டவர் அவர் ஒருத்தர்தான் என்பதால், தனுஷ்கோடி சார் முகத்தில் போய் நின்றது.

"எம்பிள்ள என்ன சார் செஞ்சா?"

தனுஷ்கோடி சார் எக்ஸாமினரைப் பார்த்தார். எக்ஸாமினர் ஜன்னலைப் பார்த்தார். செண்பகவல்லி அவர்கள் இருவருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"உங்க பிள்ள ஒண்ணும் செய்யலண்ணே. அவ எழுதினது சரி. நான் எழுதினதுலதான் தப்பு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அந்த ஆங்கில எழுத்துகளை எட்ட நின்று பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். நீங்க யாரும்மா என்று கேட்டார்.

"இதுல ஓடுறத எழுதினவ."